மெரியோன் வரைந்த பாரிஸை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: ஒரு வாசகர், 11 அக்டோபர் 2024

புகைப்படம் பரவுவதற்கு முன் ஐரோப்பிய நகரங்கள் எப்படி இருந்தன என்பதற்கு அந்தக் கால ஓவியர்களைவிட நல்ல சாட்சி கிடையாது என்பது என் கருத்து. கல் கல்லாக உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். சார்ல் மெரியோன் 1850களில் செய்த பாரிஸ் எட்சிங்குகளைப் பாருங்கள். அவற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இடித்த தெருக்களை மறுபடியும் கட்டிவிடலாம். யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?

12 அக்டோபர் 2024, காலை

உண்டு, பாதி அளவுக்கு.

ஆளைத் தெரியாதவர்களுக்காக: மெரியோன் 1821இல் பாரிஸில் பிறந்தார். தந்தை ஆங்கிலேய மருத்துவர், தாய் ஆப்பெராவில் நடனமாடியவர். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. மகன் கடற்படையில் சேர்ந்து 1842 முதல் 1846 வரை ஒரு போர்க்கப்பலில் நியூசிலாந்து வரை போய் வந்தார். பிறகு ஓவியராக விரும்பினார். ஆனால் அவர் கண்ணுக்கு நிறங்கள் சரியாகப் பிரிந்து தெரியவில்லை. வண்ணத்தைக் கைவிட்டுச் செப்புத் தகட்டுக்கு வந்தார். 1850க்கும் 1854க்கும் நடுவில் பாரிஸ் வரிசையை முடித்தார். பெரிதும் சிறிதுமாக 22 தகடுகள். 1868இல் ஷரான்தோன் மனநல விடுதியில் இறந்தார்.

நான் 34 ஆண்டுகள் வரைவாளராக வேலை பார்த்தவன். முகப்பு, குறுக்குவெட்டு, தள வரைபடம் என்று கட்டடங்களோடுதான் காலம் போயிற்று. அந்தக் கண்ணுக்கு மெரியோனின் கோடுகள் மலைப்பைத் தருகின்றன. சாந்து உதிர்ந்த சுவர், நடுவில் லேசாகத் தொய்ந்த விட்டம், கூரைமேல் சாய்ந்து விழும் புகைபோக்கியின் நிழல் ஆகியவற்றைப் பார்க்காத ஒருவர் கற்பனையில் வரைய முடியாது. ஆகவே விவரத்தில் அவரை நம்புகிறேன், முழுப்படத்தில் நம்பவில்லை. ஜன்னலை நம்பலாம், வானத்தைத் தொடும் கோட்டை நம்பக்கூடாது. ஏன் என்பதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். இந்தக் குளிர்காலம் மகள் வீட்டில், பாரிஸில்தான் இருக்கிறேன்.

12 அக்டோபர் 2024, இரவு

எட்சிங் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செப்புத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு பூசி ஊசியால் கீறுவார்கள். கீறிய இடத்தில் மட்டும் செம்பு வெளியே தெரியும். தகட்டை அமிலத்தில் முக்கினால் அந்தக் கோடுகள் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். மெழுகைத் துடைத்துப் பள்ளத்தில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து உருளையில் கொடுத்தால் படம் தாளில் ஏறும்.

இதில் கவனிக்க வேண்டியது, தாளில் படம் இடவலம் மாறி விழும் என்பது. ஊர் சரியாகத் தெரிய வேண்டுமானால் தகட்டில் அதைத் திருப்பி வரைய வேண்டும். ட்ரேசிங் தாளைத் தலைகீழாகப் போட்டுப் படித்துப் பழகிய எனக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரியும். மெரியோனின் பாரிஸ், தாளில் சரியாகத்தான் விழுகிறது.

19 அக்டோபர் 2024

இன்று 'பெத்தி போன்' என்னும் சிறிய பாலத்துக்குப் போனேன். 1850இல் மெரியோன் செய்த படத்தை ஒரு தாளில் அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன். படத்தில் நீர்மட்டத்தை ஒட்டி நின்று பார்க்கிறோம். எதிரே பாலத்தின் வளைவுகள், அவற்றுக்கு மேல் நெருக்கமான வீடுகள், அவற்றுக்கும் மேல் நோத்ர தாம் தேவாலயத்தின் இரண்டு கோபுரங்கள். கோபுரங்கள் எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு நிற்கின்றன.

அவர் நின்ற அதே புள்ளி இன்று கிடைக்காது. முடிந்தவரை தண்ணீருக்கு அருகில் இறங்கினேன். இறங்க இறங்கக் கோபுரங்கள் தாழ்ந்தன. இதற்குக் கணக்கே வேண்டாம். பக்கத்தில் இருக்கும் மதிலின் அடியில் உட்கார்ந்தால் தூரத்துக் கோயில் கோபுரம் மறையும், எழுந்து நின்றால் தெரியும். 69 மீட்டர் உயரமுள்ள கோபுரமானாலும் விதி அதுதான். நீரோரத்தில் நிற்பவனுக்கு அந்த அளவு கோபுரம் தெரியாது. அந்த அளவு கோபுரம் தெரியவேண்டுமானால் மேலே, சாலை மட்டத்தில் நிற்க வேண்டும். ஆனால் அங்கிருந்து பாலத்தின் வளைவுகள் அப்படித் தெரியா.

அவர் இரண்டு இடத்தில் நின்றிருக்கிறார். பாலத்தைக் கீழிருந்தும் கோபுரங்களை மேலிருந்தும் வரைந்து, இரண்டையும் ஒரே தகட்டில் சேர்த்துவிட்டார். மெரியோனை ஆராய்ந்தவர்கள் இதை எப்போதோ எழுதிவிட்டார்கள். எனக்கு அதைப் படித்தபோது வராத உணர்வு, கரையில் குனிந்து நிமிர்ந்து பார்த்தபோது வந்தது. மூன்று முறை இறங்கி ஏறினேன். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றவில்லை. அந்த ஆற்றங்கரையில் நடந்து போகிறவனின் மனதில் கோபுரம் அந்த உயரத்தில்தான் பதிகிறது. கீழே இறங்கும்போது, சற்று முன் மேலே பார்த்த கோபுரத்தையும் மனம் கூடவே கொண்டுவந்துவிடுகிறது.

20 அக்டோபர் 2024

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. நான் பார்த்த பாலம் மெரியோன் வரைந்த பாலம் அல்ல. இப்போது இருக்கும் ஒற்றை வளைவுப் பாலம் 1853இல் கட்டப்பட்டது. அவர் படம் முடித்த மூன்றே ஆண்டுகளில் பழைய பாலம் போய்விட்டது. அதே 1853இல்தான் ஓஸ்மான் நகர நிர்வாகத் தலைவராக வந்து, 1870 வரை பாரிஸை இடித்துக் கட்டினார். எனவே மெரியோனின் தகடுகளில் பாதி, இன்று இல்லாதவற்றின் படங்கள். ஆற்றோரப் பிணவறை 1864இல் இடம் மாறியது. நோத்ர தாம் பாலத்து நீரேற்றுக் கட்டடமும் போனது.

26 அக்டோபர் 2024

'ஸ்த்ரீஜ் பற்றி எழுதுங்கள்' என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். மெரியோன் என்றாலே அந்தப் படம்தான். நோத்ர தாம் கோபுரத்தின் மூலையில் கன்னத்தில் கைவைத்து, நாக்கை நீட்டிக்கொண்டு நகரத்தைப் பார்க்கும் கொம்புள்ள பேய். பின்னால் புனித ஜாக் கோபுரம், சுற்றிலும் பறவைகள். 1853இல் செய்தது.

2017இல் முதன்முறை பாரிஸ் வந்தபோது 387 படிகள் உள்ள அந்தக் கோபுரத்தில் ஏறினேன். படி சுழன்று சுழன்று குறுகிக்கொண்டே போகிறது. மேலே பாதுகாப்புக்குக் கம்பிவலை போட்டிருந்தார்கள். வலைக்குள் நின்றுகொண்டு அந்தப் பேயோடு படம் எடுத்துக்கொண்டேன். இடைக்காலச் சிற்பி ஒருவன் யாரும் பார்க்காத உயரத்தில் இதைச் செதுக்கி வைத்தான், அறுநூறு ஆண்டுகள் கழித்து ஒரு கடற்படைக்காரர் வந்து கண்டுபிடித்தார் என்று அன்று நினைத்தபோது உடல் சிலிர்த்தது. படத்திலும் அந்தத் தொன்மைதான் பேசுகிறது.

27 அக்டோபர் 2024

நேற்று எழுதியதில் பெரிய பிழை. திருத்திய வாசகருக்கு நன்றி. நேற்றைய குறிப்பை அழிக்கவில்லை, அழித்தால் இது புரியாது.

அந்தப் பேய் இடைக்காலத்தது அல்ல. விக்டர் ஹ்யூகோவின் நாவல் 1831இல் வந்தபின் நோத்ர தாமின் சிதிலத்தைப் பற்றி ஊர் பேச ஆரம்பித்தது. 1844இல் லஸ்ஸூ, வியோலே லெ துக் என்ற இரு கட்டடக் கலைஞர்களிடம் சீரமைப்பு ஒப்படைக்கப்பட்டது. கோபுரத்தின் மேல்வரிசைப் பேய்கள் அந்தச் சீரமைப்பில் புதிதாகச் செய்து வைக்கப்பட்டவை. கோயில் கருவறையின் கோமுகை போல நீரை வெளியேற்ற இடைக்காலத்தில் வைத்த விலங்கு முகங்கள் வேறு, வேடிக்கை பார்க்கும் இந்தப் பேய்கள் வேறு. இவை நீர் ஏதும் வெளியேற்றுவதில்லை.

அப்படியானால் மெரியோன் வரைந்தது, உளி பட்ட தடம் ஆறாத ஒரு புதுச் சிலையை. 'பழைய பாரிஸின் ஆவி' என்று நாம் கொண்டாடும் படத்தில், நகரத்தைவிட வயதில் மிகச் சிறியது அந்த ஆவிதான். அதே 1853இல் சார்ல் நேக்ர் என்ற புகைப்படக்காரரும் மேலே ஏறி அந்தச் சிலையைப் படம் பிடித்திருக்கிறார். பக்கத்தில் உயரத் தொப்பியோடு அவருடைய நண்பர் ஆன்ரி லெ செக் நிற்கிறார். அந்தப் புகைப்படத்தில் பேய், கல்லால் செய்த ஒரு பொருள். மெரியோனிடம் அது உயிருள்ள சாட்சி. நகரத்தை இரையாகப் பார்க்கும் தீராக் காமத்தின் பேய் என்று அவரே இரண்டு அடிப் பாட்டும் எழுதித் தகட்டில் சேர்த்தார்.

சிலை புதிது என்பது மெரியோனுக்குத் தெரிந்தேயிருக்கும். கண்ணெதிரே சாரம் கட்டி வேலை நடந்த ஊர் அது. நமக்குத்தான் தெரியாமல் போயிற்று.

3 நவம்பர் 2024

இன்று எழுதப்போவது என் மனதுக்கு நெருக்கமானது.

2019 ஏப்ரல் 15. சென்னையில் இரவு பதினொன்றே கால் தாண்டியிருக்கும். தொலைக்காட்சியில் நோத்ர தாம் எரிந்துகொண்டிருந்தது. கூரையின் நடுவிலிருந்த ஊசிக்கோபுரம் நெருப்புக்குள் சாய்ந்து ஒடிந்து விழுந்தது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். எண்ணூறு ஆண்டு பழைய ஒன்று போய்விட்டது என்று நானும் அழுதேன்.

பிறகுதான் மெரியோனின் 'நோத்ர தாமின் பின்புறம்' என்ற 1854ஆம் ஆண்டுப் படத்தை உற்றுப் பார்த்தேன். ஆற்றுக்கு இக்கரையிலிருந்து தெரியும் தேவாலயத்தின் பின்பக்கம், தாங்குவளைவுகள், நீளமான கூரை, அப்பால் இரண்டு கோபுரங்கள். கூரைமேல் ஒன்றும் இல்லை. ஊசிக்கோபுரம் இல்லை!

ஓவியர் விட்டுவிட்டாரா? இல்லை. இடைக்காலத்து ஊசிக்கோபுரம் பழுதாகி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கழற்றப்பட்டது. எரிந்து விழுந்தது 1859இல் வியோலே லெ துக் எழுப்பியது. இரண்டுக்கும் நடுவே அறுபது ஆண்டுகளுக்கு மேல் கூரை மொட்டையாகத்தான் இருந்தது. அந்த இடைவெளியில் வாழ்ந்து வரைந்தவர் மெரியோன். ஹ்யூகோ நாவல் எழுதியபோதும் அது இல்லை.

இங்கே ஓவியரே சிறந்த சாட்சி, என் நினைவு பொய்ச்சாட்சி. கேள்வி கேட்ட நண்பருக்கு இந்தப் படத்தை முழு மனதோடு விட்டுக்கொடுக்கிறேன்.

அன்று சிறு ஆறுதலும் இருந்தது. ஊசிக்கோபுரத்தின் அடியில் நின்ற 16 செம்புச் சிலைகளை, தீப்பற்றுவதற்கு நான்கு நாள் முன்புதான் சீரமைப்புக்காகக் கீழே இறக்கியிருந்தார்கள்.

9 நவம்பர் 2024

செய்ன் நதியின் இடக்கரையில் பழைய அச்சுப்படங்கள் விற்கும் ஒரு கடை. வாங்கும் வசதி எனக்கு இல்லை என்பது அந்தப் பெரியவருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும். ஆனாலும் மெரியோன் என்ற பெயரைச் சொன்னதும் மேசையைத் துடைத்து, ஓர் அட்டையைப் பிரித்து, உருப்பெருக்கியை என் கையில் கொடுத்தார். 'போன் தொ ஷாஞ்ச்' பாலம், 1854. வானம் முழுக்கப் பறவைகள்.

பிறகு ஒரு பட்டியல் நூலைத் திறந்து அதே தகட்டின் முந்தைய நிலையைக் காட்டினார். பறவைகள் இல்லை. அவை இருந்த வானத்தில் பெரிய பலூன் ஒன்று மிதக்கிறது. அதில் 'ஸ்பெரான்ஸா' என்று எழுதியிருக்கிறது, நம்பிக்கை என்று பொருள். ஒரே தகடு, ஒரே பாலம், ஒரே நகரம். முதலில் நம்பிக்கை பறந்தது, பின்னால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பறவைக் கூட்டத்தைக் கீறினார்.

தகட்டை இப்படித் திருத்தித் திருத்தி அச்செடுப்பதை 'நிலை' என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் இதற்கு ரிவிஷன் என்று பெயர். வரைபடத்தின் வலது கீழ் மூலையில் கட்டம் போட்டு, என்ன மாற்றினோம், எந்தத் தேதியில், யார் கையெழுத்து என்று எழுதாமல் அம்மோனியா பிரின்ட் (வரைபட நகல்) போக விடமாட்டார்கள். மெரியோனின் வானத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. அடுத்தடுத்து இரண்டு நிலைகளையும் பார்க்காதவன், தன் கையில் இருப்பதே அன்றைய வானம் என்று நம்புவான்.

'வானத்தை நம்பக்கூடாது' என்று அக்டோபரில் எழுதினேன். இதைப் பார்த்தபின் அது இன்னும் உறுதியாகிறது.

10 நவம்பர் 2024

'அவர் மனநிலை சரியில்லாதவர், அதனால்தான் இப்படியெல்லாம்' என்று ஒருவர் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. மெரியோன் முதன்முறை ஷரான்தோனில் சேர்க்கப்பட்டது 1858இல். பாலமும் பேயும் பிணவறையும் முதலில் அச்சானது அதற்கு முன்பே. போன் தொ ஷாஞ்ச் வானத்துப் பறவைகள் மட்டும் அதற்குப் பிறகு வந்தவை. மற்ற மாற்றங்கள் தெளிந்த அறிவோடு எடுத்த முடிவுகள் என்றே நினைக்கிறேன்.

பிற்காலத்தில் நிலைமை வேறு, அதை மறைக்க வேண்டியதில்லை. 1864 வாக்கில் நான்காம் ஆன்ரி கல்லூரியைப் பறவைப் பார்வையில் வரைந்தார். கூரைகள், முற்றங்கள், மரங்கள், விளையாடும் பிள்ளைகள் எல்லாம் அளவு பிசகாமல் இருக்கின்றன. ஆனால் முதல் நிலைகளில் கல்லூரிக்கு அப்பால் பாரிஸ் இல்லை, கடல் இருக்கிறது. மலைகளும் கப்பல்களும் தெரிகின்றன. பின்னர் அதை அழித்து நகரத்தின் கூரைகளைப் போட்டார். 1865இல் கடற்படை அமைச்சகத்தை வரைந்தபோது வானத்தில் மீன்களும் குதிரைகளும் தேர்களும் பாய்ந்து வருகின்றன. கட்டடத்தின் தூண்கள் மட்டும் ஒரு மயிரிழை கோணவில்லை.

பதின்பருவத்தில் கடற்படைக்குப் போனவருக்குக் கடல் திரும்பி வந்திருக்கிறது. எனக்கு இந்தப் படங்களைப் பார்க்கும்போது சொல்ல முடியாத துக்கம் வருகிறது.

16 நவம்பர் 2024

இந்த உரையாடல் இழை பாரிஸைவிட்டு வெளியே போய்விட்டது. போகட்டும்.

ஜெர்மனியின் கொலோன் தேவாலயத்தைக் குறிப்பிட்டவருக்கு: அது தலைகீழ்க் கதை. 1248இல் தொடங்கி, 16ஆம் நூற்றாண்டில் நின்றுபோன கட்டடம். அரைகுறைத் தென்கோபுரத்தின் மேல் பழைய பாரந்தூக்கி ஒன்று நூற்றாண்டுக் கணக்கில் நின்றது. ஊரின் அடையாளமே அதுதான். இடைக்காலத்து முகப்பு வரைபடத்தின் ஒரு பாதி 1814இலும் மறு பாதி 1816இலும் கிடைத்தன. பாய்ஸரே என்பவர் 1820களில், கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று பெரிய செதுக்குப் படங்களாக வெளியிட்டார். 1842இல் வேலை மீண்டும் தொடங்கி, 1880இல் 157 மீட்டர் உயரத்தில் முடிந்தது. ஓவியம் முதலில் வந்தது, கட்டடம் அதைப் பின்பற்றியது. அங்கே 'உண்மையா' என்று கேட்கவே முடியாது.

வார்சா பழைய நகரத்தைப் படங்களைப் பார்த்து மறுபடி கட்டினார்களே என்பவருக்கு: ஆம், பெலாட்டோவின் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் உதவின. ஆனால் அவற்றோடு, கட்டடக்கலை மாணவர்கள் இரண்டாம் உலகப் போருக்கு முன் அளந்து வரைந்த வரைபடங்களும் இருந்தன. அவற்றை ஒரு மடத்தில் ஒளித்துக் காப்பாற்றினார்கள். ஓவியம் மட்டும் இருந்தால் கொத்தனாருக்கு அளவு கிடைக்காது. கேள்வி கேட்ட நண்பருக்கு இதுவே என் நேரடிப் பதில்.

ரோமாபுரியில் ரோஸ்லர் ஃப்ரான்ஸ், டைபர் கரைச்சுவர் எழுந்தபோது மறைந்துகொண்டிருந்த சந்துகளை 120 நீர்வண்ண ஓவியங்களாக வரைந்தார். அழகானவை. எனக்கு அவை கொஞ்சம் அதிக இனிப்பு.

17 நவம்பர் 2024

வெனிஸ் பற்றிச் சொல்லாமல் விட்டது தவறு. ஒரே ஊர், ஒரே காலம், இரண்டு ஓவியர்கள்.

ஒருவர் ஜான் பன்னி. புனித மாற்கு தேவாலயத்தின் மேற்கு முகப்பைச் சீரமைப்பு என்ற பெயரில் சுரண்டிவிடுவார்கள் என்று அஞ்சிய ஆங்கிலக் கலை விமர்சகர் ரஸ்கின், அதை அப்படியே வரைந்து வைக்க 1877இல் அவரை அமர்த்தினார். பன்னி சுமார் 600 காலைகள் அந்தச் சதுக்கத்தில் நின்று வரைந்தார். 1882இல் படத்தை முடித்தார், அதே ஆண்டு இறந்தார்.

மற்றவர் விஸ்லர். 1879இல் பன்னிரண்டு எட்சிங்குகளுக்கு ஒப்புக்கொண்டு வந்தார். தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கண்ணால் பார்த்தபடியே கீறினார், திருப்பி வரையவில்லை. ஆகவே அவருடைய வெனிஸ் தாளில் இடவலம் மாறிக் கிடக்கிறது. அதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. வரைந்துகொண்டிருந்த பன்னியின் முதுகில் 'எனக்குக் கண் தெரியாது' என்று எழுதிய அட்டையை அவர் மாட்டிவிட்டதாக ஒரு கதையும் உண்டு.

என் மனம் பன்னியின் பக்கம். ஆனால் விஸ்லர் தேவாலயத்தை இரவில் வரைந்த எண்ணெய் ஓவியத்தில் முகப்பின் ஒரு பக்கத்துச் சாரம் மங்கலாகத் தெரிகிறது. அன்று அங்கே வேலை நடந்தது என்பதற்கு அந்தக் கவலையற்ற மனிதரும் சாட்சி சொல்லிவிட்டார்.

30 நவம்பர் 2024

என் முதல் குறிப்பையே மாற்ற வேண்டியிருக்கிறது.

கவிஞர் பொதலேர் 1859இல் மெரியோனைப் பாராட்டி எழுதினார். மாநகரம் ஒன்றின் இயல்பான கம்பீரத்தை இவ்வளவு கவித்துவத்தோடு காட்டியவர் அரிது என்பது அதன் சாரம். மெரியோன் அவரைச் சந்தித்தார். பொதலேர் மொழிபெயர்த்த அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் கதைகளை ஒரு தனி மனிதர் எழுதியிருக்க முடியாது, எழுத்தாளர் கூட்டம் ஒன்று சேர்ந்து எழுதியது என்று அவரிடம் சொன்னாராம். அச்சகக்காரர் தெலாத்ர், படத்தொகுப்புக்கு உரை எழுதும்படி பொதலேரைக் கேட்டுக்கொண்டார். கவிஞருக்கு மகிழ்ச்சி. ஒவ்வொரு படத்துக்கும் பத்து வரி, இருபது வரி, பாரிஸில் சுற்றித் திரிபவனின் சிந்தனைகள் எழுதலாம் என்று நினைத்தார்.

மெரியோன் மறுத்துவிட்டார். தாங்க முடியவில்லை என்று 1860 பிப்ரவரியில் பொதலேர் தன் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வலப்பக்கம் தெரிவது இது, இடப்பக்கம் தெரிவது அது என்று எழுத வேண்டுமாம். பழைய நூல்களில் தேடிக் குறிப்பு எடுக்க வேண்டுமாம். இங்கே முதலில் பன்னிரண்டு ஜன்னல்கள் இருந்தன, ஓவியர் அவற்றை ஆறாகக் குறைத்தார் என்று சொல்ல வேண்டுமாம். நகர மன்றத்துக்குப் போய் இடித்த தேதிகளைச் சரியாகக் கேட்டு வர வேண்டுமாம். மெரியோன் கூரையைப் பார்த்துக்கொண்டு, எந்த மறுப்பையும் காதில் வாங்காமல் பேசிக்கொண்டே போனாராம்.

பன்னிரண்டு ஜன்னல்கள் ஆறாயின! 'ஜன்னலை நம்பலாம்' என்று எழுதியவன் நான். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேறொன்று தூக்கத்தைக் கெடுக்கிறது. நான் அந்தக் கடையில் நின்று தேடிய ரிவிஷன் கட்டத்தை, மெரியோனே கேட்டிருக்கிறார். தன் மாற்றங்களை எழுதி வைக்கும்படி மன்றாடியிருக்கிறார். ஒரு சிறு தகட்டின் தலைப்பிலேயே, இந்தச் சிறுகோபுரம் 1851இல் இடிக்கப்பட்டது என்று பொறித்தவர் அவர். நூற்றாண்டின் பெருங்கவிஞர் எதிரே உட்கார்ந்திருக்க, அவரிடம் கவிதை வேண்டாம், ஜன்னல் கணக்கு வேண்டும் என்று கேட்ட மனிதரை நான் எப்படிப் பொய்ச்சாட்சி என்பேன்? அந்த உரை எழுதப்படவே இல்லை.

1 டிசம்பர் 2024

இதை எழுதலாமா என்று இரவெல்லாம் யோசித்தேன்.

1988இல் ஒரு பழைய மாளிகையை இடிப்பதற்கு முன் அளந்து வரையும் வேலை எனக்கு வந்தது. மூன்று நாள் நாடா பிடித்தோம். முகப்பின் வடக்குச் சுவர் ஐந்து அங்குலம் வெளியே சாய்ந்திருந்தது. தூக்குக்குண்டு விட்டு இரண்டு முறை சரிபார்த்தேன். அலுவலகத்தில் மேலே இருந்தவர், 'நேராகப் போடுங்கள், பார்க்க நன்றாக இராது' என்றார். நேராகப் போட்டேன். இரண்டு மாதத்தில் மாளிகை போய்விட்டது. இன்று அந்தக் கட்டடத்துக்கு இருக்கும் ஒரே சான்று என் வரைபடம். அதில் சுவர் செங்குத்தாக நிற்கிறது. திருத்தக் கட்டம் காலியாக இருக்கிறது.

மெரியோன் ஆறு ஜன்னல்களை எடுத்தார், ஆனால் எடுத்ததைச் சொல்ல விரும்பினார். நான் சொல்லவில்லை.

8 டிசம்பர் 2024

நேற்று மாலை நோத்ர தாம் மீண்டும் திறக்கப்பட்டது. புயல்காற்று, மழை. வெளியே நடக்கவிருந்த நிகழ்ச்சிகளையும் உள்ளே மாற்றிவிட்டார்கள். நாங்கள் வீட்டில் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். ஊசிக்கோபுரம் 1859இல் இருந்தபடியே மறுபடி நிற்கிறது. பேரன் 'இது பழசா, புதுசா தாத்தா?' என்று கேட்டான். இழையில் எழுதியதையெல்லாம் அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். நோத்ர தாமின் மணிகள் ஒலிக்கும்போது தூங்கிவிட்டான்.

4 ஜனவரி 2025

இன்று மழை இல்லை. கையுறையின் விரல் நுனிகளை வெட்டிக்கொண்டு பெத்தி போன் பக்கம் போய், நீரோரமாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பென்சிலால் வரைந்தேன். மெரியோனின் படத்தை வேண்டுமென்றே எடுத்துப் போகவில்லை. கைபேசியில் ஒரு புகைப்படம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து புகைப்படத்தை என் படத்தின் அளவுக்கு அச்செடுத்து, இரண்டையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பாலத்தின் வளைவு சரியாகப் பொருந்தியது. வீடுகளும் ஏறக்குறையப் பொருந்தின. கோபுரங்கள் பொருந்தவில்லை. என்னுடையவை உயரம். அளந்தேன்.

கோபுரங்களை அழிக்கவில்லை. வலது கீழ் மூலையில் கட்டம் போட்டு எழுதினேன்: 'கோபுரங்கள் 9 மி.மீ. உயர்த்தப்பட்டுள்ளன. இடப்பக்கக் கூரையில் ஏழு புகைபோக்கிகள் உள்ளன, நான்கு மட்டும் வரையப்பட்டுள்ளன. நீரோரத்திலிருந்து, 4 ஜனவரி 2025.'